இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு

எங்கள் வீட்டுச் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு செங்கல் சுவர் இருந்தது. திருமணமாகித் திருத்தணிக்கு வந்த நாளிலிருந்து பத்தொன்பது வருடம் அந்தச் சுவரின் முகத்தில் விழித்துத்தான் சமைத்தேன். அடுப்பு மேடை அதை ஒட்டியே இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் டிவி ஓடும். என் கணவரும் மாமியாரும் எதையோ சொல்லிச் சிரிப்பார்கள். நான் கரண்டியும் கையுமாக ஓடிப் போய், "இன்னாங்க, இன்னா?" என்பேன். "ஒண்ணுமில்ல, நீ போ" என்பார்கள். சிரித்து முடித்த பிறகு வந்து நிற்கிறவளுக்கு வேறு என்ன பதில் சொல்ல முடியும்? திரும்பி வந்தால் குழம்பு அடிப்பிடித்திருக்கும். அந்தச் சுவர்மேல் எனக்குத் தீராத கோபம். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால், மேடைக் கல் இரண்டாகப் பிளந்து, சிங்க்குக்குக் கீழே தண்ணீர் கசிந்து, அலமாரிக் கதவைக் கரையான் தின்று முடித்த பிறகு, என் கணவர் ஒருவழியாகச் சமையலறையைப் புதுப்பிக்கச் சம்மதித்தார். தினமும் அரக்கோணத்துக்கு ரயிலேறி வேலைக்குப் போய்வரும் மனிதர். ரயிலைப் பிடிப்பதைத் தவிர வேறு எதற்கும் அவசரப்பட மாட்டார்.

ஆனால் அந்தத் தடவை அவசரப்பட்டே ஆகவேண்டியிருந்தது. ஆனி பாதி கடந்துவிட்டது. ஆடியில் எங்கள் வீட்டில் எந்த வேலையும் தொடங்க மாட்டார்கள். ஆடிக் கிருத்திகைக்கோ, பள்ளிப்பட்டிலிருந்து என் நாத்தனார் குடும்பம் காவடியோடு வந்து இறங்கும். இருபது பேருக்குக் குறையாது. மூன்று நாள் அவர்களுக்குச் சமைத்துப் போட வேண்டும். ஆக, ஆனிக்குள் தொடங்கிக் கிருத்திகைக்குள் முடிக்க வேண்டும். அதற்கு ஒரு நம்பிக்கையான ஆள் வேண்டும்.

வந்து அளந்து, டீ குடித்து, "நாளைக்குக் கூப்பிடறேன்" என்று போனவர்கள் இரண்டு பேர். இன்றைக்கு வரை அந்த நாளை வரவில்லை. மிஞ்சியவர்களும் இரண்டு பேர்தான்.

ஒருவர் சென்னை ரோட்டில் ஷோரூம் வைத்திருந்தவர். சட்டையில் இஸ்திரி மடிப்புக் கலையாமல் வந்தார். சமையலறைக்குள் நுழைந்து ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, கையால் சுவரைத் தட்டி, "இது எதுக்கு மேடம் நடுவுல? எடுத்துட்டா ஓப்பன் கிச்சன்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் மனசுக்குள் நுழைந்து பார்த்துவிட்டு வந்தவர் போல இருந்தது. கையிலிருந்த டேப்லெட்டில் ஒரு படம் காட்டினார். மேடைக்குப் பின்னால் நின்று ஒரு பெண் காய் நறுக்குகிறாள். எதிரே சோபாவில் அவள் குடும்பம். எல்லாரும் சிரிக்கிறார்கள், அவளும் அவர்களோடு சேர்ந்து அதே நேரத்தில் சிரிக்கிறாள். சிரிப்பதற்கு அவள் எங்கும் ஓடிப் போகவில்லை. அந்தப் படத்தை நான் பார்த்த பார்வையை என் கணவர் கவனித்திருந்தால் பின்னால் நடந்த எதுவும் நடந்திருக்காது. அவர் டைல்ஸ் கலரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினெட்டே நாள் மேடம். கிருத்திகைக்கு நீங்க புது அடுப்புல பால் காய்ச்சிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்தவர் அரக்கோணத்திலிருந்து வந்த மேஸ்திரி. என் கணவரோடு வேலை செய்கிறவர் சொல்லி அனுப்பியது. எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். சிடுசிடுப்பான முகம். டீ வேண்டாம் என்றார். "இந்தச் சுவர எடுத்துடலாம்னு ஒருத்தர் சொல்றாரு பாய்" என்று என் கணவர் ஆரம்பித்ததும், அவர் சுவரைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். "மேல இன்னா கீது?" என்று கேட்டார்.

மேலே என் மாமியாரின் அறை. மாமனார் பின்னாளில் கட்டியது. அதன் ஜன்னலிலிருந்து பார்த்தால் மலையும் கோபுரமும் நேரே தெரியும். கட்டிலில் எழுந்து உட்கார்ந்த உடனே கையெடுத்துக் கும்பிடலாம் என்பதற்காகவே, கீழே இடம் இருந்தும் மாமியார் மேலேதான் இருப்பார். பாய் மாடிக்குப் போய், அந்த அறையில் அடிமேல் அடி வைத்து நடந்து எண்ணினார். கீழே வந்து சமையலறையில் அதே மாதிரி எண்ணினார். பிறகு சுவர்மேல் கையை வைத்தார்.

"மேல கீற சுவுரு இதுமேலதான் நின்னுகினு கீது. தூணும் கிடையாது, உத்தரமும் கிடையாது. இத்த எடுக்கக் கூடாது."

"சரி, மத்த வேலைங்க? கிருத்திகைக்குள்ள ஆயிடுமா?" என்றார் என் கணவர்.

"ஆவாது. பழைய ஊடு. ஒடைச்சிப் பாத்தாத்தான் இன்னா ஏதுன்னு தெரியும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருவர் எல்லாம் முடியும் என்கிறார், இவர் வாயைத் திறந்தாலே கூடாது, ஆகாது. வேலை செய்ய உடம்பு வணங்காத ஆள் என்று முடிவு கட்டினேன். வந்த நாலு பேரில் மாடி ஏறிப் பார்த்தவர் அவர் ஒருவர்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

என் கணவர் குழம்பிப் போனார். பாய் சொல்வதில் விஷயம் இருக்கிறது என்பார், கிருத்திகைக்கு என்ன செய்வது என்பார். கடைசியில் என்னைக் கேட்டார். "நீ இன்னா சொல்றே?"

"உங்க இஷ்டம்" என்றேன்.

எவ்வளவு பெரிய பொய்! அந்தச் சுவர் போக வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு நாள் சண்டை போட்டாவது ஒரு முடிவுக்கு வந்திருப்போம். சொன்னால் என்ன நினைப்பார்களோ என்ற பயம். பொதட்டூர்பேட்டையில் என் பிறந்த வீட்டில் தறிச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திப் பேசி வளர்ந்தவள் நான். புகுந்த வீட்டில் எனக்கு ஒன்று வேண்டும் என்று கேட்க மட்டும் வாய் வராது.

மாமியார்தான் முடித்துவைத்தார். "எதுக்கு ரெண்டு பேரும் மண்டைய ஒடைச்சிகினு? பூ கட்டிப் பாத்துடலாம். அவன் சொல்லட்டும்."

அவன் என்றால் மலைமேல் இருக்கிற முருகன். எங்கள் வீட்டில் எதுவும் அப்படித்தான். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சந்நிதியில் வைத்துக் கும்பிட்டு ஒன்றை எடுப்பது. நாத்தனாரைப் பள்ளிப்பட்டில் கொடுத்தது பூ பார்த்துத்தான். என்னை இந்த வீட்டுக்கு எடுத்ததும் பூ பார்த்துத்தான். பூ வந்த பிறகு அதற்கு அப்பீலே கிடையாது.

செவ்வாய்க்கிழமை காலையில் மாமியாரும் நானும் மலைக்குப் போனோம். செவ்வரளி என்றால் ஷோரூம்காரர், நந்தியாவட்டை என்றால் பாய். மாமியாருக்கு ஒரு கண்ணில் அறுவைச் சிகிச்சை முடிந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. "எனக்குக் கண்ணு கலங்குது, நீயே மடிச்சிடு" என்று பூக்களை என் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக் கும்பிட ஆரம்பித்தார்.

கேலண்டர் தாளைக் கிழித்துக் கொண்டுவந்திருந்தேன். முதல் தாளில் அரளியை வைத்து மடித்தேன். இரண்டாவது தாளை விரித்தேன். என் கை இன்னொரு அரளியை எடுத்தது. சத்தியமாகச் சொல்கிறேன், முன்கூட்டியே திட்டம் போட்டுச் செய்ததில்லை. ஆனால் கை எடுத்தபோது நான் அதைத் தடுக்கவும் இல்லை. நந்தியாவட்டையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையில் செருகிக்கொண்டேன். சாமிக்கு எதிரில் நின்றுகொண்டு சாமியையே ஏமாற்றுகிறேன் என்று தெரிந்தது. தெரிந்தும் இரண்டு பொட்டலத்தையும் குலுக்கி மாமியார் முன்னால் நீட்டினேன்.

அவர் ஒன்றை எடுத்துப் பிரித்தார். "செவப்பு!" என்றார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. மற்றப் பொட்டலத்தை நான் சட்டென்று இடுப்பில் சொருகிக்கொண்டேன். மாமியார் திருநீற்றை எடுத்து என் நெற்றியில் பூசி, "அவனே சொல்ட்டான். இனிமே எதுக்கும் பயமில்ல" என்றார்.

ஷோரூம்காரர் ஆனி முடிவதற்குள் வேலையைத் தொடங்கினார். மூன்றாம் நாள் காலையில் அவருடைய ஆட்கள் இரண்டு பேர் மிஷினோடு வந்து சுவரை உடைக்க ஆரம்பித்தார்கள். அவர் வரவில்லை. என் கணவர் வேலைக்குப் போய்விட்டார். மத்தியானத்துக்குள் பாதிச் சுவர் போய்விட்டது. அடுப்பு இருந்த இடத்தில் நின்று பார்த்தேன். கூடம் தெரிந்தது, டிவி தெரிந்தது, வாசல் வரை தெரிந்தது. தூசுக்குள் நின்றுகொண்டு பைத்தியம் போலச் சிரித்தேன். ஆட்கள் சாப்பிடப் போனார்கள்.

அப்போதுதான் கூரையில் ஒரு கோடு கண்ணில் பட்டது. உடைந்த சுவரின் முனையில் தொடங்கி மின்விசிறிக் கொக்கி வரை மெல்லிசாக ஓடியது. ஒட்டடை என்று நினைத்து ஒட்டடைக் கம்பால் இழுத்தேன். கம்பு நகர்ந்தது, கோடு நகரவில்லை. கொஞ்சம் மணல் என் கண்ணில் விழுந்தது.

அதே நேரம் மேலேயிருந்து மாமியாரின் குரல். "ஏம்மா, கதவு சாத்த மாட்டேங்குது பாரு. எங்கியோ இடிக்குது."

அந்தக் கதவு ஒற்றை விரலால் தள்ளினாலே சாத்திக்கொள்ளும் கதவு. ஷோரூம்காரருக்குப் போன் செய்தேன். "பூச்சு விரிசல்தான் மேடம். மேல பட்டி மாவு பூசினா காணாமப் போயிடும்" என்றார். கதவைப் பற்றிச் சொன்னேன். "மழைக்காலம் மேடம், மரம் ஊதும்" என்றார். ஒரு வாரமாகச் சொட்டு மழை இல்லை. என் கணவருக்கு அடித்தேன், எடுக்கவில்லை. பாய் நம்பர் போனில் இருந்தது. வெட்கமாவது மானமாவது என்று கூப்பிட்டேன். சொல்லி முடிப்பதற்குள் அவர் குறுக்கிட்டார்.

"மேல யாரு கீறாங்க?"

"மாமியார்."

"மொதல்ல அவங்கள எறக்கு. நீயும் உள்ள நிக்காதே. வரேன்."

அதுவரை என்னை நீங்க, அம்மா என்று பேசிய மனிதர். அந்த ஒருமையில்தான் நிலைமை எனக்குப் புரிந்தது. மாடிப்படி ஏறி ஓடினேன். மாமியார் கட்டிலில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தே, கீழ வாங்க. கூரை விரிசல் வுட்டுகினு கீது. வெளிய போயிடலாம்."

"வேலை நடந்தா நாலு விரிசல் வரத்தான் செய்யும்."

"இல்ல அத்தே, பாய் உடனே எறங்கச் சொல்றாரு."

"அவரு யாரு சொல்றதுக்கு? அந்த ஷோரூம்காரந்தான் வேணும்னு சாமியே பூ குடுத்துது. நான் பயந்து எறங்கினா, அவன் வாக்க நம்பலன்னு ஆயிடும். நீ போ, எனக்கு ஒண்ணும் ஆவாது."

எங்கோ கீழே 'பட்' என்று ஒரு சத்தம் கேட்டது. தரை வழியாக அது என் காலுக்கு வந்தது. நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். இந்த மனுஷி சாகப் போகிறார், நான் மடித்த காகிதத்தை நம்பிச் சாகப் போகிறார் என்று தோன்றியதும் எனக்குள் ஏதோ உடைந்துவிட்டது.

"சாமி சொல்லல அத்தே! நான்தான் சொன்னேன். ரெண்டு பொட்டலத்துலயும் செவப்புதான் வச்சேன். நீங்க எத எடுத்திருந்தாலும் செவப்புதான். சாமி ஒண்ணுமே சொல்லல. வாங்க அத்தே, உங்க கால்ல விழறேன்."

மாமியாருக்குக் கோபம் வந்தால் தெலுங்கு வந்துவிடும். ஆந்திராவில் நகரிப் பக்கத்திலிருந்து வாழ வந்தவர். அந்தத் தெலுங்கில் வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். தமிழிலும் எதுவும் சொல்லவில்லை, தெலுங்கிலும் சொல்லவில்லை. கட்டிலை விட்டு எழுந்தார், மூக்குக்கண்ணாடியை மட்டும் எடுத்துக்கொண்டார், முன்னால் நடந்தார். படியில் ஒரு இடத்தில் தடுமாறியபோது கை கொடுத்தேன். அதைத் தள்ளிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

தெருவில் நான் ஒரு பக்கம், அவர் எதிர்ப் பக்கம் நின்றோம். சாப்பிட்டுவிட்டு வந்த ஆட்களை உள்ளே விடவில்லை. ஷோரூம்காரர் போனில் எகிறினார். "நீங்க கேட்டதத்தானே மேடம் செஞ்சேன்? சுவர எடுக்கலாமான்னு கேட்டப்போ தலைய ஆட்டினீங்களே?" போனை வைத்தேன். நான் ஆசைப்பட்டதற்கு மறுவார்த்தை பேசாத ஆள் கிடைத்தார் என்றுதானே அவரைத் தேடிப் பிடித்தேன்?

பாய் வர ஒரு மணி நேரம் ஆனது. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான மணி நேரத்தை நான் பார்த்ததில்லை. லோடு ஆட்டோ நிறையச் சவுக்குக் கம்போடு வந்து இறங்கினார். "மேல யாரும் இல்லியே?" என்று இரண்டு தடவை கேட்டார். தன் ஆட்களை வாசலிலேயே நிறுத்திவிட்டுத் தனியாக உள்ளே போனார். சுத்தியல் சத்தம் கேட்டது. அப்புறம் தடால் என்று ஏதோ விழுந்து, வாசல் வழியாகத் தூசு வெளியே வந்தது. எதிர்ப் பக்கத்தில் மாமியார் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த மனிதரையும் நான்தான் உள்ளே அனுப்பியிருக்கிறேன்.

"பூச்சுதான் வுழுந்துது. கம்ப எடுத்தாங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பொழுது சாய்வதற்குள் என் சமையலறை முழுக்கக் கம்புகள் நின்றன. ஒவ்வொன்றும் கூரையை முட்டிக்கொண்டு நின்றது. பாய் தலையெல்லாம் சுண்ணாம்பாக வெளியே வந்தார். அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை கேட்பார் என்று பார்த்தேன். "ஆடி முடியட்டும், வந்து அடைக்கறேன். அதுவரைக்கும் ஒரு கம்பக்கூட நகத்தாதீங்க" என்றார். அவ்வளவுதான்.

ரயில் இறங்கி வந்த என் கணவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "சாமிதானேம்மா இந்த ஆளச் சொல்லிச்சு?" என்று மாமியாரைக் கேட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "பூவத் தப்பா கட்டிட்டோம்பா" என்றார் மாமியார். கட்டிட்டோம். அந்த 'டோம்' எனக்கு அடி வாங்கியதைவிட வலித்தது. இரண்டு நாள் கழித்து என் கணவரிடம் நானே முழுசாகச் சொல்லிவிட்டேன். அவர் ஒரு வாரம் தன் தட்டில் தானே சோறு போட்டுக்கொண்டார்.

மாமியார் என்னோடு பேசவில்லை. கிருத்திகைக்கு நாத்தனார் வீட்டார் காவடியோடு வந்தார்கள். பின்பக்கத் தோட்டத்தில் கல் கூட்டி இருபத்திரண்டு பேருக்குச் சமைத்தேன். விறகுப் புகையில் அழுதால் யாருக்கும் தெரியாது. வந்தவர்களிடம் மாமியார் "வேலை நடக்குது" என்று மட்டும் சொன்னார். என்னிடம் உப்பு வேண்டுமென்றால்கூட மகளிடம் சொல்லிக் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

ஆவணி பிறந்ததும் பாய் வந்தார். சமையலறையில் கம்புகளுக்கு நடுவே நாங்கள் மூன்று பேரும் நின்றோம்.

"மொத்தமா அடைச்சிட்டா ஒரு வேலையோட போச்சு. இல்ல, நடுவுல கொஞ்சம் தொறப்பு வேணும்னாலும் வுடலாம். கான்கிரீட் உத்தரம் போட்டு மேல் பாரத்த அதுமேல ஏத்திடுவேன்" என்றார் பாய்.

நான் திகைத்துப் போனேன். "தொறப்பு வுட முடியுமா? அன்னிக்கு ஏன் பாய் சொல்லல?"

"சுவர எடுக்கலாமான்னு கேட்டாங்க, கூடாதுன்னேன். உங்களுக்கு இன்னா வேணும்னு நீங்க சொல்லவே இல்லியேம்மா."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. என் கணவர் வழக்கம்போலத் தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். மாமியார் கம்பில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டே பேசினார்.

"என்னை இன்னாத்துக்குடா பாக்குற? அவளக் கேளு. இந்த வாட்டி சாமிய இழுக்காம அவளே சொல்லுவா."

ஒரு மாதத்துக்கு மேல் ஆன பிறகு என்னைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு. சுருக்கென்று குத்தியது. அதே நேரம் கட்டிப்பிடித்து அழவேண்டும் போலவும் இருந்தது. இரண்டடி போதும் என்று சொல்ல வாய்வரை வந்தது. அதுவும் பொய்தான்.

"நாலடி வேணும் பாய்" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது.

பாய் பதில் சொல்லாமல் மாடிக்குப் போனார். தலைக்குமேல் அவர் அடி வைத்து நடப்பது கேட்டது. பிறகு இறங்கி வந்தார்.

"மூணரை. அதுக்கு மேல ஒரு அங்குலம் கேட்டாலும் நான் வேலைய எடுக்க மாட்டேன்" என்றார்.

"அப்ப வேலைக்கு இவருதான்" என்றேன், யாரையும் கேட்காமல்.